மைக்கா பொன்வண்ணம்: ஒரு மதிப்பீடு

நீர்வண்ணப் பெட்டிகளில் காவி, நீலம், கருஞ்சிவப்பு ஆகியவற்றின் வரிசையில் இப்போது பொன்னிறக் கட்டி ஒன்றும் தவறாமல் இடம்பெறுகிறது. சிறு தட்டில் வார்த்து உலர்த்திய இந்தக் கட்டியின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, அது ஊறியதும் தூரிகையால் குழைத்துத் தாளில் இழுத்தால் பொன் மின்னும் என்பது விற்பவர்கள் தரும் உறுதி. தங்கம் இதில் துளியும் கிடையாது. காக்காப்பொன் என்று வழங்கும் மைக்காவின் நுண்செதில்களுக்கு டைட்டானியம் டைஆக்சைடையும் இரும்பு ஆக்சைடையும் மெல்லிய போர்வையாகப் போர்த்தி, பிசினில் பிணைத்துக் கட்டியாக்குகிறார்கள். எந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வந்தாலும் உள்ளிருப்பது ஏறக்குறைய இதுவே என்பதால், தனியொரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளாமல் இந்த வகைப் பொருளையே இங்கு மதிப்பிடுகிறேன். பித்தளைத் தூள் கலந்த பொன்வண்ணம், பித்தளையை மிக மெல்லிய தகடாக அடித்த போலி ரேக்கு, தங்கத்தை அப்படி அடித்த அசல் ரேக்கு, தங்கத் தூளைப் பிசினில் குழைத்த வண்ணம் ஆகியவற்றை அருகில் வைத்து ஒப்பிட்ட பிறகே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். சிவப்பைச் சிவப்பு என்று அறிய அதன் சாயல் போதும். பொன்னுக்கு அது போதாது. கணினித் திரைக்குப் பொன்னிறம் என்று வரையறுக்கப்பட்டிருப்பது சிவப்பு 255, பச்சை 215, நீலம் 0 என்ற கலவை. அந்தக் கலவையால் திரையில் ஒரு சதுரத்தை நிரப்பிப் பார்த்தால் பளிச்சென்ற மஞ்சள்தான் தெரியும். அதே சதுரத்தைக் கரும்பழுப்பிலிருந்து வெளிர்மஞ்சள் வரை படிப்படியாக மாறும்படி நிரப்பினால், கண் உடனே பொன் என்று ஒப்புக்கொள்ளும். பொன்னிறம் என்று நாம் குறிப்பிடுவது ஒரு சாயலும், அந்தச் சாயலின்மேல் ஒளி நடந்துகொள்ளும் விதமும் சேர்ந்த ஒன்று. மஞ்சள் பூச்சின்மேல் வார்னிஷ் அடித்தாலும் மின்னத்தான் செய்யும். ஆனால் வார்னிஷின் மேற்பரப்பு விளக்கொளியை நிறம் மாற்றாமல் திருப்பி அனுப்புவதால் அந்த மினுக்கம் வெள்ளையாக இருக்கும். தங்கத்தில் மினுக்கமே மஞ்சளாக இருக்கும். 79 புரோட்டான்கள் கொண்ட கனத்த அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தை எட்டுவதால், சார்பியல் விளைவின் காரணமாக அவற்றின் ஆற்றல்நிலைகள் இடம்பெயர்கின்றன. வெள்ளி புற ஊதாக் கதிரை மட்டும் விழுங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் திருப்பி அனுப்புகிறது. தங்கமோ நீல ஒளியையும் விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் மட்டுமே திருப்புகிறது. பொன்வண்ணம் என்று விற்கப்படும் எதையும் நான் முதலில் சோதிப்பது இதை வைத்துத்தான்: தாளைச் சாய்க்கும்போது ஒளி நகர்கிறதா, நகரும் ஒளி மஞ்சளாக இருக்கிறதா?

மைக்கா வண்ணம் இந்தச் சோதனையில் தேறுகிறது, ஆனால் தாளைப் பொறுத்துத் தேறுகிறது. வெள்ளைத் தாளில் நீர்த்த ஒரு பூச்சு இட்டால், நேர்ப்பார்வைக்கு வெளிறிய மணல்நிறமே தெரியும். தாளைச் சன்னலின் பக்கம் சாய்த்த பிறகுதான் செதில்கள் விழித்துக்கொள்கின்றன. இரண்டாவது பூச்சு இட்டால் நிலைமை சற்றுத் தேறும். கருநீலத் தாளில் அதே தூரிகை, அதே நீர், ஒரே ஒரு பூச்சு போதும். எழுத்து தாளிலிருந்து எழுந்து நிற்கிறது. காரணம் எளிது. செதில்களுக்கு இடையே புகுந்து தாளைத் தொட்டுத் திரும்பும் வெள்ளொளி பொன்னொளியோடு கலந்து அதை மங்கச் செய்கிறது. கருந்தாள் அந்த மிச்ச ஒளியை விழுங்கிவிடுகிறது. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நீலக் குர்ஆன் சுவடியில், அவுரி நீலம் ஏற்றிய தோல்தாளின்மீது கூஃபி என்ற பழைய அரபு எழுத்து வடிவத்தைப் பொன்னில் தீட்டியவர்கள் இந்த உறவை நன்றாகவே அறிந்திருந்தார்கள். உருவங்களைத் தவிர்த்த அந்த மரபில் எழுத்தே வழிபாட்டுக்குரிய காட்சியாகிறது. நீலத்தின்மேல் பொன் என்ற இணை அந்தக் காட்சிக்குத் தரும் கனம், வெள்ளைத் தாளில் எத்தனை தடித்த பூச்சுக்கும் கிட்டுவதில்லை.

கருந்தாள் வேண்டாம், வெள்ளைத் தாளில்தான் ஓவியம் அமைய வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. பொன் விழவேண்டிய இடத்தில் முதலில் செங்காவியை இட்டு, அது முழுதும் உலர்ந்தபின் மேலே மைக்கா பொன்னைப் பூச வேண்டும். இடைக்கால ஐரோப்பாவின் ரேக்கு ஒட்டுநர்கள் மரப்பலகையில் வெண்சுண்ணப் பூச்சுக்கு மேல் செம்மண் குழம்பு பூசி, அதன்மேல்தான் தங்க ரேக்கைப் படியவைத்தார்கள். ரேக்கில் விழும் மயிரிழை வெடிப்புகளின் வழியே அந்தச் செம்மை கசிந்து பொன்னுக்குச் சூடு ஏற்றுகிறது. மைக்காவிலும் அது அப்படியே பலிக்கிறது. மஞ்சள் காவியின்மேல் பூசினால் பொன் நிதானமாகவும் சற்றுப் பழையதாகவும் தெரியும். செங்காவியின்மேல் பூசினால் விளக்கொளியில் பார்த்ததுபோல் தெரியும். பச்சையின்மேல் பூசுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன், அது பித்தளை களிம்பேறியதுபோல ஆகிவிடுகிறது.

இந்த வண்ணத்தைப் போலி என்று ஒதுக்குபவர்களிடம் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. இயற்கையில் உயிருள்ளவை காட்டும் பொன்னில் ஒரு துகள்கூடத் தங்கம் கிடையாது. இலையுதிர் காலத்தில் கிங்கோ மரம் மஞ்சளாவது, பச்சையம் சிதைந்தபின் அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் வெளித்தெரிவதால்; அது வெறும் மஞ்சள்தான், வெயில் பின்னாலிருந்து ஊடுருவும் வேளையில் மட்டும் பொன்னாகத் தெரிகிறது. பூச்சிகளின் பொன் வேறு வகை. சில ஆமை வண்டுகளின் ஓடு உருக்கி ஊற்றிய பொன்போல் இருக்கும். அவற்றைத் தொந்தரவு செய்தால் சற்று நேரத்தில் அந்தப் பொன் வடிந்து செந்நிறம் தலைகாட்டும். நிறமி எதுவும் இடம்மாறுவதில்லை. ஓட்டின் நுண்ணடுக்குகளில் தேங்கியிருக்கும் ஈரம் விலகுவதால், ஒளியைத் திருப்பி அனுப்பிய அடுக்கு தன் வேலையை நிறுத்திவிடுகிறது. வெண்புள்ளிக் கரும்பட்டாம்பூச்சி இனத்தின் கூட்டுப்புழு இன்னும் வியப்பு: இலைக்கடியில் தொங்கும் அந்தக் கூடு பக்கத்துக் கிளைகளைத் தன் மேனியில் பிரதிபலிக்கும் அளவுக்குப் பளபளக்கும், பட்டாம்பூச்சி வெளியேறியபின் எஞ்சும் வெற்றுக்கூட்டில் அந்தப் பளபளப்பு இருக்காது. அடுக்கடுக்கான மென்படலங்களின் தடிமன் ஒளியலையின் நீளத்தோடு பொருந்தும்போது சில நிறங்கள் வலுப்பெற்றும் சில தம்மைத்தாமே அழித்துக்கொண்டும் திரும்புகின்றன. அதுவே இந்தப் பொன்னின் மூலம். மைக்கா செதிலின்மேல் டைட்டானியம் போர்வையை நானோமீட்டர் கணக்கில் அளந்து போர்த்துவதும் இதே தத்துவத்தில்தான். வண்டின் ஓடு ஈரத்தை நம்பியிருக்கிறது, மைக்காவின் போர்வை உலர்ந்த திடப்பொருள். அந்த வகையில் நாம் பூசுவது உலோகத்தைப் பார்த்துச் செய்த போலி என்பதைவிட வண்டுக்கு உறவுமுறையான பொன் என்பதே பொருந்தும்.

போலி என்ற சொல் உண்மையிலேயே பொருந்துவது பித்தளைத் தூள் வண்ணத்துக்கு. செம்பும் துத்தநாகமும் கலந்த நுண்தூளை எண்ணெயிலோ பிசினிலோ கலந்து விற்கிறார்கள். பூசிய அன்று இதற்கு நிகர் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மைக்காவைவிட அடர்த்தியாகப் படிகிறது, அடியிலுள்ள நிறத்தை முற்றிலும் மறைக்கிறது, மினுக்கமும் அசல் உலோகத்தினுடையது. ஆனால் செம்பு காற்றையும் ஈரத்தையும் அமிலத்தையும் விட்டுவைப்பதில்லை. ஒரு வாழ்த்து அட்டையின் விளிம்புக்கு நான் இட்ட பித்தளைப் பொன் ஓராண்டுக்குள் தவிட்டு நிறமானது; விரல் பட்ட இடங்களில் பச்சைப் புள்ளிகள் எழுந்தன, அட்டையின் மறுபக்கத்தில்கூட மெல்லிய கறை ஊறியிருந்தது. போலி ரேக்குக்கும் இதே கதிதான்; அரக்கு வார்னிஷால் உடனே மூடிவிட்டால் காலத்தைத் தள்ளிப்போடலாம், அவ்வளவே.

நிலைத்திருத்தல் என்பதை வண்ணத்தின் கூடுதல் வசதிகளில் ஒன்றாக நான் கருதவில்லை. பொன்னைப் பொறுத்தவரை அதுதான் பொருளே. சமயங்கள் இந்த உலோகத்தைத் தேடிப் போனதற்கு அதன் அழகைப் போலவே அதன் அழியாமையும் காரணம். எகிப்தியர் தம் தெய்வங்களின் தசை பொன்னாலும் எலும்பு வெள்ளியாலும் ஆனது என்று நம்பினார்கள். துட்டன்காமனின் மம்மியை மூடியிருந்த, பத்து கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள பொன்முகம் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லறையில் கிடந்த பிறகும் நிறம் மங்காமல் வெளிவந்தது. விவிலியத்தின் யாத்திராகமம் உடன்படிக்கைப் பெட்டியைப் பசும்பொன்னால் உள்ளும் புறமும் மூடச் சொல்கிறது. யாரும் பார்க்கப்போகாத உட்புறத்தையும் மூடச் சொல்வது கவனிக்கத்தக்கது. மகாபுருஷனின் முப்பத்திரண்டு இலக்கணங்களில் பொன்மேனியும் ஒன்று என்று பௌத்தம் எண்ணியதால் புத்தர் சிலைகள் தலைமுறைக்குத் தலைமுறை ரேக்கு ஏற்கின்றன. அழியாத ஒன்றைச் சுட்டுவதற்காக இடப்படும் பொன் ஓராண்டில் பச்சை பூத்தால், குறை வண்ணத்தோடு நிற்காமல் கருத்தையே தொடுகிறது. மைக்கா இங்கே நிம்மதி தருகிறது. மைக்கா, டைட்டானியம் டைஆக்சைடு, இரும்பு ஆக்சைடு மூன்றுமே காற்றோடு மேற்கொண்டு வினைபுரிய ஏதுமற்ற, ஒளியில் வெளிறாத கனிமங்கள். என்னிடமுள்ள பழைய மாதிரித்தாளில் பித்தளை வரி கறுத்துக் கிடக்க, அதை ஒட்டி இட்ட மைக்கா வரி இன்றும் அப்படியே இருக்கிறது.

அசல் ரேக்கோடு ஒப்பிடும்போது மட்டும் மைக்கா தலைகுனிகிறது. அடித்து அடித்து ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ரேக்கை விரலால் எடுக்க முடியாது. எடுக்க முயன்றால் விரலில் மை போல் ஒட்டிக் காணாமல் போகும். மென்மயிர்த் தூரிகையால் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நகர்த்த வேண்டும். விளக்குக்கு நேரே பிடித்தால் அதனூடே வரும் ஒளி நீலமும் பச்சையும் கலந்திருக்கும். திருப்பி அனுப்பும் மஞ்சளும் சிவப்பும் போக எஞ்சியது அது. இத்தனை மெல்லிய பொருள் வழவழப்பான செம்மண் பூச்சின்மேல் படிந்து, அகேட் கல்லால் மெருகேற்றப்பட்டால் ஒரே தொடர்ச்சியான கண்ணாடியாகிறது. எதிரே நிற்பவரின் உருவம் கூட மங்கலாகத் தெரியும். மைக்காவோ எத்தனை பொடியாக இருந்தாலும் தனித்தனிச் செதில்களின் கூட்டம். அதை எந்தக் கல்லால் தேய்த்தாலும் மெருகேறாது, பொடிதான் உதிரும். தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த குழைவால் புடைப்பாக எழுப்பி ஒட்டப்படும் ரேக்கின் வளைவுகளில் ஒளி வழுக்கி ஓடுவதை மைக்காவால் போலச்செய்ய முயல்வது வீண். தங்கத் தூள் வண்ணம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: மைக்காவைப் போல் தூரிகையால் பூசலாம், உலர்ந்தபின் ரேக்கைப் போல் மெருகேற்றலாம். நுண்ணிய எழுத்தலங்காரத்துக்கு அதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது. பரந்த பின்னணிக்கு அதைப் பயன்படுத்துவது ஊதாரித்தனம்.

கண்ணாடி போன்ற பரப்புதான் எப்போதும் விரும்பத்தக்கதா என்ற கேள்வியையும் இங்கே எழுப்ப வேண்டியிருக்கிறது. இத்தாலியின் ராவென்னா நகரில் 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே ஆலயத்தில், கண்ணாடிக்குள் ரேக்கு பொதிந்த சில்லுகளைச் சுவரில் பதித்தவர்கள் அவற்றைச் சமதளமாகப் பதிக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில் நிற்பதால், பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் சுவர் முழுவதும் நடுங்கி மின்னுகிறது. 1903இல் அங்கே சென்று வந்த ஆஸ்திரிய ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட், 1907-08இல் தீட்டிய ‘முத்தம்’ ஓவியத்தில் பொன்னைச் சிறு கட்டங்களாகவும் சுருள்களாகவும் உடைத்து வைத்தார். உடைந்த மினுக்கம் மைக்காவுக்கு இயல்பிலேயே கைவந்தது. அதனால் ஒரே சீரான பெரும்பரப்பை நிரப்புவதைக் காட்டிலும் புள்ளிகள், இழைகள், செதில் வடிவங்கள் ஆகியவற்றில் அது பல மடங்கு நன்றாக வாழ்கிறது.

இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும். 1435இல் ஓவியக்கலை பற்றி எழுதிய இத்தாலிய அறிஞர் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி, படத்தில் பொன் வரவேண்டிய இடத்தில் பொன்னையே ஒட்டுவதை விரும்பவில்லை. இருளாக வேண்டிய பகுதி மின்னுவதும் ஒளிர வேண்டிய பகுதி கறுப்பதும் அவருக்கு உறுத்தலாக இருந்தன. மைக்காவுக்கும் அந்தக் குறை அப்படியே பொருந்துகிறது. ஒரு குடத்தையோ கவசத்தையோ உருண்டையாகக் காட்ட வேண்டுமானால், இந்தக் கட்டியை மூடி வைத்துவிட்டுக் காவியும் பழுப்பும் மஞ்சளும் எடுப்பதே சரி. பெர்லினில் உள்ள, நெடுங்காலம் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தீட்டியதாகக் கருதப்பட்டுப் பின்னர் அவர் வட்டத்தைச் சேர்ந்த வேறொருவருடையது என்று முடிவுசெய்யப்பட்ட பொன் தலைக்கவசக்காரரின் ஓவியத்தில், தடித்த வண்ணக் கட்டிகளே உலோகத்தின் கனத்தைத் தந்துவிடுகின்றன.

அன்றாடப் பயன்பாட்டில் உள்ள தொல்லைகள் சிறியவை, ஆனால் எரிச்சலூட்டுபவை. செதில்கள் நீரில் அடங்காமல் கிண்ணத்தின் அடியில் படிவதால், ஒவ்வொரு முறை தூரிகையை எடுக்கும்போதும் கலக்க வேண்டும். தூரிகையைக் கழுவிய நீரில் மினுக்கம் மிதக்கும். அதே நீரை நீல வானத்துக்குப் பயன்படுத்தினால் வானமும் மினுங்கும், பிறகு அதைப் போக்க வழியில்லை. பொன்னுக்கென்று தனித் தூரிகையும் தனி நீரும் கட்டாயம். மலிவான கட்டிகளில் பிசின் குறைவாக இருப்பதால், உலர்ந்த பின்னும் விரலோடு தூள் வருகிறது. ஒரு துளி பிசின் கரைசலைக் கலந்துகொண்டால் சரியாகிவிடும், அளவு மிஞ்சினால் மினுக்கம் போய்விடும். ஓவியத்தை ஸ்கேன் செய்பவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது: கருவியின் விளக்கு ஒரு சாய்வில் விழுந்து வேறு சாய்வில் திரும்பிவிடுவதால் பொன் அங்கே சேற்று நிறமாகப் பதிவாகிறது. சன்னலோரத்தில் சற்றுச் சாய்வாக வைத்து ஒளிப்படம் எடுப்பதைத் தவிர வேறு வழி கண்டதில்லை.

வாங்கும்போது வெளிர்பொன், செம்பொன், பழம்பொன் என்ற பெயர்களை நம்ப வேண்டாம். ஒருவரின் செம்பொன் இன்னொருவரின் செம்பாக இருக்கிறது. மாதிரித்தாளில் வெள்ளைப் பின்னணியில் பூசிக் காட்டியிருப்பதைப் பாருங்கள். அங்கே கிட்டத்தட்ட மறைந்துபோகும் பொன், இரும்பு ஆக்சைடு சேராமல் ஒளி விளையாட்டை மட்டுமே நம்பிய வகை. கருந்தாளுக்கு அது அற்புதம், வெள்ளைத் தாளுக்கு உதவாது. செதிலின் அளவையும் கவனிக்க வேண்டும். பட்டுபோல் மின்னுவது நுண்செதில், அது எழுத்துக்கும் மெல்லிய கோட்டுக்கும் ஏற்றது. தனித்தனிப் பொட்டுகளாகக் கண்ணைக் குத்துவது பெருஞ்செதில், அது பொன்னைவிட ஜிகினாவுக்கே நெருக்கமானது. உறையில் நிறமிக் குறியீடு அச்சிட்டிருந்தால் வேலை எளிது: பிடபிள்யூ 20 என்றிருந்தால் மைக்கா, பிஎம் 2 என்றிருந்தால் செம்போ பித்தளையோ. முன்னதை நாள்பட வைத்திருக்கப்போகும் எந்த ஓவியத்துக்கும் தயங்காமல் வாங்கலாம். பின்னதை ஒருநாள் அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். குறியீடே இல்லாமல் பெயரை மட்டும் பொன் எழுத்தில் அச்சிட்டிருக்கும் கட்டியைத் திரும்ப வைத்துவிடுவது நல்லது.